அனுமதி கேட்டு நின்ற கணினி

பிப்ரவரி 10

அண்ணிக்கு,

என்னடா இவள் காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்க்காதீர்கள். இந்த ஆய்வு நிலையத்தில் இருக்கும் இருபத்தேழு கணினிகளும் பல்கலைக்கழகத்துச் சொத்து. அத்தனைக்கும் சாவி, ஏழு மணி நேரப் பயணத்துக்கு அப்பால், தலைமை வளாகத்தில் உங்கள் மேசையில் இருக்கிறது. நான் எதைத் தட்டினாலும் உங்கள் கணினி மையம் வழியாகத்தான் போகும். போன் செய்தால் கத்திவிடுவேன். அண்ணன் பெண்டாட்டியிடம் கத்தினாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். அதனால்தான் தபால்.

நேற்று திங்கட்கிழமை காலை எட்டரைக்கு பிரீசர் அறையைத் திறந்தேன். தரையெல்லாம் தண்ணீர். மைனஸ் எண்பதில் இருக்க வேண்டிய பிரீசர், பிளஸ் பதினெட்டில் இருந்தது. ஒன்பது வருட வேலை, நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் ரத்தம். காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த நாளிலேயே எடுத்த ரத்தம். ஒரே காய்ச்சல், ஒரு குழந்தையைச் சும்மா விட்டுவிட்டு இன்னொரு குழந்தையின் காதை ஏன் பறித்துக்கொண்டு போகிறது என்பது அந்த நாள் ரத்தத்தில்தான் இருக்கும். இன்றைக்கு எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? முதல் குழாய் உங்கள் மகள் வாண்டுவுடையது. இரண்டு வயதில், உங்கள் மடியில் உட்காரவைத்து நான்தான் எடுத்தேன்.

பிரீசருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதற்கு ஒரே வேலை. சூடு ஏறினால் எனக்கும், காவலாளிக்கும், மெக்கானிக்குக்கும் போன் செய்யும். நிர்வாகி அனுமதி இருந்தால்தான் அந்த மென்பொருள் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நீங்கள் பல்கலைக்கழகம் முழுக்க அந்த அனுமதியைப் பிடுங்கினீர்கள். சனிக்கிழமை மதியம் பிரீசரின் மோட்டார் நின்றது. கணினி யாரையும் கூப்பிடவில்லை. ‘நிர்வாகியின் கடவுச்சொல்லை இடவும்’ என்று திரையில் காட்டிக்கொண்டு, ஆளில்லாத அறையில் இரண்டு நாள் நின்றிருக்கிறது.

ஜனவரியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் தட்டு கழுவினீர்கள், நான் துடைத்து அடுக்கினேன். “அண்ணி, எல்லார் பர்மிஷனையும் எடுக்கப் போறீங்களாமே, எங்க பிரீசர் மெஷினை மட்டும் தொட்டுடாதீங்க” என்றேன். “ம், பாத்துக்கறேன்” என்றீர்கள்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தை நேற்று துடைப்பத்தால் அள்ளி வாளியில் ஊற்றினேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 15

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். வருத்தம் என்று எழுதினால் நீ கிழித்துப் போடுவாய் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு வருத்தம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. நிர்வாகி அனுமதி என்பது வாசல் சாவி இல்லை. சுவரை இடித்துக் கட்டும் உரிமை. அது கையில் இருப்பவர் ஒரு தப்பான கோப்பைத் திறந்தால், அந்தக் கோப்பே கணினிக்கு எஜமானாகிவிடும். இரண்டு வருடம் முன்பு மாணவர் சேர்க்கைப் பட்டியல் பதினொரு நாள் பூட்டிக் கிடந்ததே, அது அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த விதி. யாருக்கும் நிரந்தர அனுமதி கிடையாது. வேண்டுமென்பவர் காரணம் எழுதி விண்ணப்பம் போட வேண்டும், ஒரு வருடத்துக்குக் கிடைக்கும். போன வருடம் கொடுத்தவை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தன. ஆறாயிரம் கணினிகளில் நூற்று நாற்பதுக்கு விண்ணப்பம் வந்தது. நூற்று நாற்பதுக்கும் கொடுத்தேன். உன்னுடையது வரவில்லை.

வராமலே கொடுத்திருக்கலாமே என்பாய். போன வருடம் அப்படித்தான் கொடுத்தேன். அப்புறம் துறைத்தலைவர்கள் கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? வேதியியல்காரர் எல்லார் முன்னாலும், “எங்களுக்கு மட்டும் விண்ணப்பம், உங்க வீட்டு ஆளுக்கு வாய்ச்சொல்லு போதுமா மேடம்?” என்றார். சிரித்தார்கள். இருபது வருட உத்தியோகத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், உறவு என்பதற்காக அனுமதிப் பட்டியலில் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டேன் என்று. உனக்கு மூன்று கடிதங்கள் மின்னஞ்சலில் அனுப்பினேன்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். பதிவாளர்தான் தலைவர். உன்னையும் கூப்பிடுவார்கள்.

உன் அண்ணன் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிறார். பாத்திரம் கழுவும் வேலையை அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். இனி சமையலறையில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறார். வாண்டு உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் படித்துவிடுகிறாள் என்பதால், நானும் அவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு சண்டை போடுகிறோம்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

குழு இங்கேயே வந்தது. மூன்று பேர், மூன்று தண்ணீர் பாட்டில், இரண்டு மணி நேரம். பிரீசரைத் திறந்து காட்டினேன். பதிவாளர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“உங்களை யாராவது நேர்ல எச்சரிச்சாங்களா?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றேன். “மையத்துலேர்ந்து மெயில் வந்ததா?” என்றார்கள். “அது வாரத்துக்கு முப்பது வரும் சார், கடவுச்சொல்லை மாத்து, இதைத் திறக்காதே, அதை அழுத்தாதேன்னு. அதையெல்லாம் படிச்சா ஆராய்ச்சியை யார் பண்றது?” என்றேன். உண்மைதான். உங்கள் மையத்திலிருந்து வருவதெல்லாம் என் கண்ணில் படாமல் நேராக மின்னஞ்சல் பெட்டிக்குள் ஒரு தனி அடைப்புக்கு, அதாவது ஃபோல்டருக்கு, போகும்படி வருடக்கணக்காக வைத்திருக்கிறேன். இங்கே பாதிப்பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

பிறகு உங்கள் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். ‘விண்ணப்பம் ஏதும் பெறப்படவில்லை. விதிப்படி நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டன.’ அவ்வளவுதானா அண்ணி? சமையலறை எங்கே? ‘பாத்துக்கறேன்’ எங்கே? நான் சொல்லியிருப்பேன், ஆனால் சாட்சி யார்? கழுவின தட்டா?

பழி என் மேல் விழுந்தால் இந்த ஆய்வை மூடிவிடுவார்கள். பதிவாளர் போகிறபோக்கில் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். சாம்பிளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு இன்னொரு பிரீசர் எதற்கு என்று கேட்கிறார்.

பெற்றோருக்கு நானே சொல்லத் தொடங்கிவிட்டேன். தினமும் பத்துப் பேர். முந்தாநாள் ஒரு தையல்காரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். குழாய் எண் இருநூற்று ஆறு. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அப்புறம் மகளின் சட்டைக் கையை மடித்துவிட்டு, “போனா போகட்டும் டாக்டர், இப்ப எடுத்துக்கோங்க. வேணும்னா ரெண்டு குழாயா எடுத்துக்கோங்க” என்றார். அந்தக் குழந்தையும் கையை நீட்டிக்கொண்டு நின்றது. இது உபயோகப்படாதும்மா என்று எப்படிச் சொல்வேன்? எடுத்தேன். பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதை வைக்க இங்கே பிரீசர் இல்லை.

சமையலறையில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

நாத்தனார்


மார்ச் 4

சின்னவளுக்கு,

பன்னிரண்டாம் தேதி குழு என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறது. சமையலறையைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் என் பதவி நிற்காது. ஒரு கணினிக்கு அனுமதி தேவை என்று முன்பே தெரிந்தும் பறித்தேன் என்றாகும். பரவாயில்லை என்று எழுத ஆசை. பரவாயில்லை என்று தோன்றவில்லை. இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

தையல்காரம்மாவைப் பற்றி நீ எழுதியதை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டப் போய் நடுவில் நிறுத்திவிட்டேன். வாண்டு வந்து, “யாரு தொலைச்சது? அத்தையா, நீயா?” என்று கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்குப் பதில் கிடைக்காது. திருப்பிக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். நான் அனுப்பிய மூன்றில் மூன்றாவதை இதுவரைக்கும் திறந்தாயா? சும்மாதான் கேட்கிறேன். திறக்க வேண்டாம் என்றால் வேண்டாம்.

அண்ணி


மார்ச் 9

அண்ணி,

திறந்தேன்.

முதல் இரண்டும் எல்லாருக்கும் போன சுற்றறிக்கை. மூன்றாவது பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ‘சின்னவளே, இது மையத்துக் கடிதம் இல்லை, நான் எழுதுவது. பிரீசர் கணினிக்கு விண்ணப்பம் போடு. நீ போடாமல் நான் கொடுத்தால் மறுபடியும் வீட்டு ஆள் என்று பேசுவார்கள். ஐந்து வரிதான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போடு. ஐந்தைத் தாண்டினால் விதி என் கையைக் கட்டிவிடும். வாண்டு உன்னைக் கேட்டாள்.’

மையத்து முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் என் ஏற்பாட்டின்படி நேராக அந்த அடைப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த அடைப்புக்கு நான் என்ன பெயர் வைத்திருந்தேன் என்று எழுதக் கை வரவில்லை. விளையாட்டுக்கு வைத்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்.

ஐந்து வரி. ஐந்தே ஐந்து வரி அண்ணி. நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? இங்கே எல்லாரும் விண்ணப்பத்தோடு மாரடித்தபோது, “எனக்கு எதுக்குய்யா விண்ணப்பம்? சாவி வெச்சிருக்கிறது எங்க அண்ணி” என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழுவிடம் ‘யாரும் எச்சரிக்கவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் சொன்னதுதான். ஆனால் என் மின்னஞ்சல் பெட்டியிலிருக்கும் எல்லாக் கடிதங்களையும் எடுத்துத் தரச்சொல்லி உங்கள் மையத்தைக் கேட்டிருக்கிறார்களாம். அது வெளியே வந்தால் நான் பொய்க்காரி. ஆய்வு அன்றைக்கே மூடப்படும். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் மறுபடி போய் நிற்கும் உரிமைகூட எனக்கு இருக்காது.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை இல்லாமல் செய்ய உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகுமா? நீங்கள் நினைத்தால் முடியும். நான் அழித்தால் அழித்தது தெரியும். நீங்கள் அழித்தால் தெரியாது என்று இங்கே சொல்கிறார்கள்.

எனக்காகக் கேட்கவில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்காகவும்தான் கேட்கிறேன்.

சின்னவள்


மார்ச் 16

சின்னவளே,

அந்த அடைப்பின் பெயரை நீ எழுத வேண்டாம். ‘அண்ணி தொல்லை’. எனக்குத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க வேண்டும். கேட்கும் முன்னே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி ஐந்து, வியாழக்கிழமை காலை. மறுநாள் கெடு. உன் விண்ணப்பம் வரவில்லை, பதிலும் இல்லை. மனசு கேட்கவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் உன் பெட்டியை என் சாவியால் திறந்தேன். உயிர் போகும் அவசரமானாலும், எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் ஒருவர் பெட்டியை இன்னொருவர் திறக்கக் கூடாது என்று விதி எழுதியதே நான்தான். வேலியே பயிரை மேய்ந்தது. என் கடிதம் திறக்காமல் கிடந்தது. அதற்கு மேலே அந்தப் பெயர் இருந்தது.

சின்னவளே, அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். உனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியதோ, ஜுரத்தில் மூன்று நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோ அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. ‘அப்படியா சேதி’ என்று மட்டும் தோன்றியது. உனக்குப் போன் செய்திருக்கலாம். ‘நீ படிக்கவில்லையே’ என்று சொன்னால், படிக்காதது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அது ஒரு காரணம். அது பாதிக் காரணம்தான். மீதி, கோபம். வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்குப் பட்டியல் என் திரையில் இருந்தது. உன் பிரீசர் கணினிக்கு நேரே ஒரு கட்டம். அதில் ஒரு புள்ளி வைத்தால் போதும். வைக்கவில்லை. தொல்லை இல்லாமல் இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். பிரீசர் நிற்கும் என்று நினைக்கவில்லை. திங்கட்கிழமை காலை நீ அலறிக்கொண்டு போன் செய்வாய், நான் ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். என் மகளின் ரத்தமும் அந்தப் பிரீசருக்குள் இருக்கிறது என்று தெரிந்தே அப்படி இருந்தேன்.

மூன்றாவது கடிதத்தை நான் குழுவிடம் காட்டாதது உன்னைக் காப்பாற்ற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத் தேடினால் நான் உன் பெட்டிக்குள் நுழைந்ததும் பதிவில் தெரியும். அதற்கும் பயந்தேன்.

இப்போது நீ கேட்டது. அழித்தால் தெரியாது என்று உனக்குச் சொன்னவருக்கு ஒன்றும் தெரியாது. யார் எந்தப் பெட்டியை எப்போது திறந்தார் என்று கணினி தானே எழுதிக்கொள்ளும். நானேகூட அழிக்க முடியாதபடி அதை வைத்தது நான்தான். ஆனால் அது காரணம் இல்லை. உன் கடிதம் வந்த அன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு உன் பெட்டிவரை போனேன். ஒரு தரம் கோபத்தில் உன்னை அடித்த அதே சாவி, இன்னொரு தரம் பாசத்தில் உனக்கு உதவி செய்யக் கிளம்பியது. எனக்கே பயமாகிவிட்டது. இது என் கையில் இருக்கக்கூடாத பொருள் என்று அப்போதுதான் பட்டது.

பன்னிரண்டாம் தேதி பதிவாளர் முன்னால் எல்லாவற்றையும் வைத்தேன். சமையலறையைச் சொன்னேன், உனக்கு அனுப்பிய மூன்றாவது கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தேன், நான் நுழைந்த பதிவையும் கொடுத்தேன். “இதை நாங்க கேக்கலையேம்மா” என்றார் அவர். கேட்கவில்லைதான். பிறகு என் பெயரை நிர்வாகிகள் பட்டியலிலிருந்து நானே எடுத்தேன். சொந்தப் பெயரை எடுக்கும்போதும் ‘உறுதியா?’ என்று ஒரு கேள்வி கேட்கிறது, தெரியுமா?

உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அது எனக்குத் தெரியும்.

வாண்டு கேட்டதற்கு நேராக முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். “நானும் அத்தையும் சேர்ந்து தொலைச்சோம்” என்றேன். அவள், “ரெண்டு பேரும் பெரியவங்கதானே?” என்றாள்.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

ஒரு மாதம் உங்களுக்கு எழுதவில்லை. எழுதிக் கிழித்தவை ஆறு. அவற்றில் இருந்த வார்த்தைகள் உங்களுக்கு வேண்டாம்.

தீர்ப்பு வந்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு வருடம் பொறுப்பாளர் பதவி இல்லை, எழுத்து மூலம் கண்டனம். ஆய்வை மூடவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டியதால்தான் மூடவில்லை என்று பதிவாளரே என்னிடம் சொன்னார். “ரெண்டு பக்கமும் தப்பு, ரெண்டு பக்கமும் மறைக்கலை” என்றார். நான் மறைக்கப் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது. என் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை நீங்கள் அவரிடம் காட்டவில்லை. அதனால் நானே போய்ச் சொன்னேன். கண்டனத்தில் இன்னொரு பத்தி சேர்ந்தது.

உங்களைப் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கணினிப் பயிற்சி தரும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். மேசைகூட மாடிப்படிக்குக் கீழே என்று அண்ணன் சொன்னான். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ‘நல்லா வேணும்’ என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது, மறைக்கவில்லை. அந்தப் புள்ளி வைக்காத கட்டத்தை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த அடைப்பின் பெயரை நினைத்தாலும் எரிகிறது. அதை எடுத்துவிட்டேன். மையத்துக் கடிதங்கள் எல்லாம் இப்போது நேராக வருகின்றன, வாரத்துக்கு முப்பது. ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். பாதி தண்டம்தான்.

காய்ச்சல் வார்டில் மறுபடி தொடங்கிவிட்டோம். போன வாரம் நான்கு குழந்தைகள். புதுப் பிரீசரில் முதல் தட்டில் நான்கு குழாய். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மெக்கானிக் முணுமுணுத்தார். பரவாயில்லை, இன்னும் காது கெடாத குழந்தைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தையல்காரம்மா மகளின் குழாயையும் அதிலேயே வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு உதவாது. கூட இருக்கட்டும்.

விண்ணப்பம் போட்டேன். உங்கள் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு, ஐந்து வரி. ‘காரணம்’ என்ற இடத்தில், ‘சூடு ஏறினால் இந்தக் கணினி ஆட்களைக் கூப்பிட வேண்டும்’ என்று எழுதினேன். இரண்டு நாளில் அனுமதி வந்தது. ஒரு வருடத்துக்கு. முடியும் தேதியைக் காகிதத்தில் எழுதிப் பிரீசர் கதவில் ஒட்டிவிட்டேன்.

அந்தக் கணினி கூப்பிடும் எண்களையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பு மூன்று பேர் என்று எழுதியிருந்தேனே, இப்போது நான்கு. முதல் எண் உங்கள் வீட்டு எண். என்னிடம் கேட்காமல் வைத்துவிட்டாயே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையில் இப்போது எந்தச் சாவியும் இல்லை. ஏழு மணி நேரத்துக்கு அப்பால் இருந்துகொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

என்றைக்காவது அது உங்களைக் கூப்பிட்டால், எனக்குப் போன் செய்யுங்கள் அண்ணி. நாம் பேசிக்கொள்ளாமல் இருந்தாலும் செய்யுங்கள். கடிதம் போடாதீர்கள்.

சின்னவள்